நிறத்திற்கு ஓர் அளவுகோல்

துணியை முழக்கோலாலும் அரிசியைப் படியாலும் அளந்து பழகிய நாம், நிறத்தை மட்டும் நெடுங்காலம் கண்ணளவாலேயே மதித்து வந்தோம். அச்சுத்தொழிலில் இக்கண்ணளவு பிழைக்குமாயின் தாளும் மையும் வீணாவதோடு, பழியும் பெரும்பாலும் யந்திரத்தருகே நிற்கும் தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இவ்விஷயம் அந்நியமானதன்று. இந்நகருக்கு வடக்கே கிளிமானூரில் 1848-ஆம் ஆண்டு பிறந்த ராஜா ரவிவர்மா, தம் ஓவியங்கள் எளியோர் இல்லங்களையும் எய்தவேண்டுமெனக் கருதி, 1894-இல் பம்பாயில் ஒரு கல்லச்சுக்கூடம் நிறுவினார். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு தனிக் கல். ஒரே தாள் பலமுறை அச்சேறிய பின்னரே படம் முழுமை பெறும். மையின் நிறம் மூல ஓவியத்தோடு பொருந்தியதா என்று தீர்மானிக்கக் கைதேர்ந்தோரின் கண்ணன்றி வேறு துணை இல்லை.

அத்தகைய கண்ணும் தவறுவது ஏன்? ஒளி, பொருள், காண்போர் ஆகிய மூன்றும் கூடியே நிறம் தோன்றுகிறது. ஒரு விளக்கின்கீழ் ஒன்றுபோல் காணும் இரு சிவப்புக்கள் பகல் வெளிச்சத்தில் வேறுபடலாம். இடவப்பாதி மழையில் வானம் இருண்டிருக்கையில் ஒப்புதல் பெற்ற நிறம், வெயிலில் வேறாகத் தோன்றக்கூடும்.

இக்குறையைப் போக்க உள்ளங்கையில் அடங்கும் நிறமறி கருவிகள் இன்று கிடைக்கின்றன. அச்சிட்ட தாளின்மேல் வைத்தால், கருவி தன் விளக்கின் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதை ஆராய்கிறது. எளிய வகை அதனைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்தறியும்; நிறமாலைமானி என்னும் நுட்பமான வகை, 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைப் பல சிறு கூறுகளாக அளக்கும். பின்னர், 1976-இல் சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட முறைப்படி மூன்று எண்களைத் தரும். முதலாவது வெளிச்சத்தையும், இரண்டாவது சிவப்பு–பச்சைச் சார்பையும், மூன்றாவது மஞ்சள்–நீலச் சார்பையும் குறிக்கும். மாதிரியின் எண்களுக்கும் அச்சின் எண்களுக்கும் உள்ள தூரமே நிற வேற்றுமை. அது 1-க்கு உட்பட்டிருப்பின் சாதாரணக் கண்ணுக்குப் புலப்படுவது அரிது; மிகுந்தால் மையைத் திருத்துதல் வேண்டும்.

எண்ணாகிய நிறம் ஊர்விட்டு ஊர் செல்லும். ஆண்டுகள் கழிந்தும் மாறாது. இந்தியத் தரநிர்ணய வரிசையின் முதல் நியமம், 1951-இல் வெளியான தேசியக் கொடி நியமமே. கொடியின் காவியும் பச்சையும் அந்நியமத்தில் எண்களால் வரையறுக்கப்பட்டுள்ளன. எந்த ஊரில் நெய்தாலும் கொடி ஒன்றாய் இருத்தல் வேண்டுமன்றோ?

ஆயினும் கருவியைப் பயன்படுத்துவதிலும் சில விதிகள் உண்டு. வேலை தொடங்குமுன் அதனுடன் வரும் வெள்ளைத் தகட்டை அளந்து சரிபார்த்தல் வேண்டும். மெல்லிய தாளாயின் அதே தாள்கள் சிலவற்றைக் கீழே அடுக்கவேண்டும். இல்லையேல் மேசையின் நிறமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஈரமான மை உலர்ந்தபின் மங்குமாதலால், உலர்ந்த மாதிரியை உலர்ந்த அச்சோடே ஒப்பிடுதல் முறை. திருமண அழைப்பிதழ்களின் பொன்மை, பார்க்கும் கோணத்திற்கேற்ப மாறுவதால், எளிய கருவியை ஏமாற்றிவிடும். அங்கே கண்ணின் தீர்ப்பே மேலானது.

ஆகவே, சிறிய அச்சகத்தாரும் வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட மாதிரியின் எண்களை வேலைச்சீட்டிலேயே குறித்து வைத்தல் நலம். பின்னர் நிறம் பற்றி வழக்கெழுந்தால், தொழிலாளியின் சொல்லுக்கு அவ்வெண்கள் சாட்சியாக நிற்கும்.