பகடை மேசையில் ஒரு குருவானவர்

கடந்த தவக்காலத்தில் தாய் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. “சாமி, அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கும் என் மகன் சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு கூடி ஏதோ பேய் விளையாட்டு விளையாடுகிறானாம். அது பிள்ளைகளைச் சாவுக்கே இட்டுச் செல்லும் என்று ஒருவர் சொன்னார். அவனுக்காகச் செபியுங்கள்” என்று எழுதியிருந்தார். செபித்தோம். கூடவே, அவ்விளையாட்டு யாதென்றும் விசாரித்தோம்.

அதன் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. நிலவறைகளும் பறவைநாகங்களும் என்று ஒருவாறு தமிழில் சொல்லலாம். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பாரும், மினசோட்டா மாநிலத்தவரான டேவ் ஆர்னெசன் என்பாரும் இதனை உருவாக்கி 1974ஆம் ஆண்டு வெளிக்கொணர்ந்தனர். ஒரு பெட்டி, அதனுள் மூன்று சிறு நூல்கள், முதற்பதிப்பு 1,000 படிகள்.

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். வலிமை, அறிவு, ஞானம், உடலுறுதி, கைத்திறன், கவர்ச்சி ஆகிய ஆறும் அப்பாத்திரத்துக்கு எவ்வளவு என்பதை, மூன்று பகடைகளை உருட்டிக் கணக்கிடுவது தொடக்க கால வழக்கம். “உங்கள் முன் பூட்டிய கதவு, அதற்கப்பால் முனகல் ஒலி கேட்கிறது. என்ன செய்வீர்கள்?” என்பார் நடத்துபவர். ஒருவர் பூட்டை உடைப்பேன் என்பார். மற்றவர் முதலில் காது கொடுத்துக் கேட்போம் என்பார். செயல் கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். இறுதியில் வென்றவர், தோற்றவர் என்று எவருமில்லை. தனித்துப் போகிறவன் எளிதில் மடிவான். கூடிப் போகிறவர்கள் பிழைப்பார்கள். ஒரே கதையை ஆண்டுக்கணக்கில் தொடரும் குழுக்களும் உண்டு.

அம்மூன்று நூல்களில் கூறப்பட்ட பாத்திர வகைகளுள் வீரன், மந்திரவாதி என்போரோடு குருவானவரும் ஒருவர் என்று அறிந்தபோது நாம் வியந்தோம். அவர் கூரிய ஆயுதம் ஏந்தலாகாது; தண்டாயுதம் போன்றவையே அவருக்கு உரியவை. முதற்படியில் நிற்கும் குருவுக்கு எந்த அற்புதமும் கைவராது. (குருப்பட்டம் பெற்ற முதலாண்டை நினைத்து நாம் சிரித்துக்கொண்டோம்.) பின்னர் படிப்படியாகக் காயம் ஆற்றுவார், நஞ்சை முறிப்பார், கோலைப் பாம்பாக்குவார், உணவு உண்டாக்குவார், உயர்ந்த படியில் இறந்தவனையும் எழுப்புவார். விவிலியம் வாசிப்போர்க்கு இவை புதியன அல்ல. இத்தகைய புனித நிகழ்வுகளை விளையாட்டுக்குள் கொணர்வது நமக்கு முழுதும் உவப்பன்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆயினும் அக்குழுவில் அடிபட்டவனிடம் முதலில் ஓட வேண்டியவர் அவரே.

அப்படியானால் சாவுப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1979 ஆகஸ்டு மாதம் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 16 வயது மாணவன் ஒருவன் காணாமற்போனான். இளம் வயதிலேயே பல்கலைக்கழகம் புகுந்த பேரறிவாளன். அங்குள்ள நிலத்தடி நீராவிக் குழாய்ச் சுரங்கங்களில் இவ்விளையாட்டை ஆடப் போய்த் தொலைந்திருப்பானோ என்று, அவனைத் தேட அமர்த்தப்பட்ட துப்பறிவாளர் ஐயுற்றார். செய்தித்தாள்கள் அதைப் பற்றிக்கொண்டன. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அவன் உயிரோடு கிடைத்தான். ஆனால் 1980ஆம் ஆண்டு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அவனை வாட்டியவை தனிமையும் படிப்பின் சுமையும் மனச்சோர்வுமே என்பது, 1984இல் அதே துப்பறிவாளர் எழுதிய நூலில் விளங்கியது. அதற்குள் வதந்தி நெடுந்தொலைவு போய்விட்டது. 1982இல் வர்ஜீனியா மாநிலத்தில் மகனை அவ்வாறே இழந்த தாய் ஒருவர், விளையாட்டே காரணம் என்று நம்பி மறு ஆண்டே எதிர்ப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். அத்தாயின் துயரை நாம் எள்ளளவும் குறைத்துப் பேசோம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் காரணம் தேடாதிருப்பாரா? ஆனால் பகடையின்மேல் பழியைப் போட்டு நிறைவடைந்த மற்றவர்கள், அந்த 16 வயதுப் பிள்ளை விடுதி அறையில் யாரோடு பேசினான், யாரோடு உண்டான் என்று கேட்கத் தவறிவிட்டார்கள். நாமும் கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றி, அவற்றைக் கண்ணால் காணாமலே, மறையுரையில் இடிபோல் முழங்கியதுண்டு.

எதிர்ப்பு வலுக்கவே, 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் பேய், பிசாசு என்னும் பெயர்களையே வெளியீட்டார் நீக்கிவிட்டனர். பெயரை நீக்கினால் பேய் போய்விடும் என்றால் நம் வேலை எவ்வளவு எளிது! பின்னாளில் அவை திரும்பவும் வந்துவிட்டன.

இவற்றையெல்லாம் சுருக்கி அத்தாய்க்கு எழுதினோம். விளையாட்டைத் தடுக்குமுன், சனிக்கிழமை கதையில் என்ன நடந்தது என்று மகனிடம் கேளுங்கள். உண்கிறானா, உறங்குகிறானா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று குறிப்பிட்டோம்.

இருவாரம் கழித்துப் பதில் வந்தது. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் தொலைபேசியை வைத்துவிடும் மகன், அன்று ஒன்றரை மணி நேரம் பேசினானாம். “பாதி எனக்கு விளங்கவில்லை சாமி. கூட வந்த ஒருவன் சுரங்கத்தில் காயப்பட்டு விழுந்துவிட்டானாம். அவனை எப்படி வெளியே தூக்கி வருவது என்று விடியும்வரை ஐந்து பேரும் உட்கார்ந்து யோசித்தார்களாம். சமைத்தது யார் என்று கேட்டேன். இவன்தானாம், சாம்பார்.”