பெட்டிக்குள்ளே காற்று!

"முன்னோர் சொன்னார்கள், மூச்சு விடாதே, ஏட்டிலே இருக்கிறது, எதிர்த்துக் கேட்காதே" என்று நமக்குப் புத்தி சொல்வோர் உண்டு. அவர்களுக்கு நாம் தரும் பதில், ஆறடி நீளமுள்ள ஒரு மரப்பெட்டி!

அமெரிக்காவின் டேட்டன் நகரிலே சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்ற உடன்பிறந்தார். கல்லூரியிலே கற்றவரல்லர், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூடப் பெற்றவரல்லர். 1901-ஆம் ஆண்டுக் கோடையிலே, கிட்டி ஹாக் அருகே மணல்மேட்டிலே, தாம் கட்டிய எஞ்சினில்லாச் சறுக்கு விமானத்தைச் சோதித்தனர். ஏட்டுக் கணக்குப்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசையிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது!

குற்றம் விமானத்திலா, கணக்கிலா? காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட அந்நாளில் வழங்கிய எண் 0.005. ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1759-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. நூறாண்டு வழங்கிவிட்டால் பிழை சரியாகிவிடுமா? அளந்து பார்த்தனர். உண்மை எண் சுமார் 0.0033 என்று கண்டனர்.

அத்தோடு நின்றார்களா? இல்லை! மரப்பெட்டி செய்து, விசிறியால் அதற்குள்ளே காற்றைச் செலுத்தினர். இரும்பறுக்கும் ரம்பத் தகடும் சைக்கிள் சக்கரக் கம்பியும் கொண்டு தராசு அமைத்தனர். சின்னஞ்சிறு தகட்டு இறக்கைகள், சுமார் 200 வடிவங்கள். எது எவ்வளவு தூக்குகிறது, எது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து குறித்தனர். அந்தக் குறிப்பின்படி கட்டிய 1902-ஆம் ஆண்டுச் சறுக்கு விமானம் சொன்ன சொல் கேட்டது!

எஞ்சினுக்குக் கம்பெனிகளைக் கேட்டனர், ஏற்றது கிடைக்கவில்லை. கடைத் தொழிலாளி சார்லி டெய்லர், கடைசல் பொறியும் துளைபோடும் பொறியும் துணையாக, ஆறே வாரத்தில் செய்து முடித்தார். அதன் ஆற்றல் சுமார் 12 குதிரைத்திறன்.

மறுபுறம், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் லாங்லி. 1896-இல் ஆளில்லாச் சிறு விமானங்களைப் பறக்கவிட்ட அறிஞர். அவர் அறிவை நாம் மறுக்கவில்லை. அரசு அவருக்கு 50,000 டாலர் தந்தது. ஆனால் ஆளைச் சுமக்கும் பெரிய விமானத்தைச் சறுக்கவிட்டுச் சோதிக்காமலேயே எஞ்சினோடு ஏவினார். 1903 அக்டோபர் 7-இல் ஆற்றிலே விழுந்தது; டிசம்பர் 8-இல் மறுபடியும் விழுந்தது!

ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17-இல், சைக்கிள் கடைக்காரர்கள் பறந்தார்கள். முதன்முறை 12 விநாடி, 120 அடி. அன்றே நான்காம் முறை 59 விநாடி, 852 அடி!

பணம் தோற்றது, பட்டறை வென்றது என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்ளாதீர். வென்றது சோதனை! ரைட் உடன்பிறந்தார் பெயரை உலகம் அறியும். எஞ்சின் செய்த டெய்லர் 1956-இல் மறைந்தார். அந்தத் தொழிலாளியின் பெயரை எத்தனை பேர் அறிவர்? நாம் அறிவோம், பிறருக்கும் சொல்வோம்.

இன்னொன்றும் சொல்வோம். ஏடு சொன்னாலும் அளந்து பாருங்கள். எதிரி சொன்னாலும் அளந்து பாருங்கள். ஏன், மேடையேறி நாம் சொன்னாலும் அளந்து பாருங்கள்! அளவுக்கு அஞ்சாததே உண்மை.