வாசலில் ஒரு கல்யாண ஊர்வலம்!

தப்பு என்னுடையதுதான். வாசல்படியெல்லாம் சிவப்புப் பூச்சி மொய்க்கிறது என்று வீட்டுக்காரரிடம் புகார் செய்ததே நான்தான். மனுஷர் மறுநாளே கோடரியோடு ஓர் ஆளைக் கூட்டி வந்துவிட்டார்!

"பூச்சியை எத்தனைதான் அடிப்பீங்க? மரத்தையே எடுத்துட்டா சனியன் விட்டுது!"

காம்பவுண்டில் நிற்பது இலவமரம். எங்கள் வீட்டுத் தலையணை அத்தனையும் அது கொடுத்தது. என் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "பத்து நாள் டைம் குடுங்க சார்" என்று கெஞ்சிவிட்டு, பி.காம். படித்த நான் பூச்சி சாஸ்திரத்தில் இறங்கினேன்.

சிவப்பு உடம்பு, முதுகில் கறுப்புப் பொட்டுகள், வயிற்றில் வெள்ளைப் பட்டை. ஜோடி ஜோடியாகப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, ஒன்று முன்னால் நடக்க, மற்றது ரிவர்ஸ் கியரில்! நாள் கணக்கில் பிரியாதாம். (நானும் என் மனைவியும் ஜவுளிக் கடை வாசலிலேயே பிரிந்துவிடுவோம்.)

சாஸ்திரப் பெயர், டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ். பருத்தி விவசாயிக்கு ஜென்ம விரோதி. காயில் ஊசி வாயைக் குத்தி விதையை உறிஞ்சும். குத்தின ஓட்டை வழியே பூஞ்சணம் நுழைந்து பஞ்சு மஞ்சளாகக் கறைபடும், விலை போகாது. பருத்தி, வெண்டை, பூவரசு, இலவம் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்து விதை என்றால் இதற்கு உயிர். எச்சிலை உள்ளே விட்டுக் கரைத்து, ஜூஸ் மாதிரி இழுத்துவிடும். மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் நம் ரத்தம் வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. அதே சிவப்புச் சட்டையில், கொஞ்சம் பெரிய சைஸில் ஒன்று வந்து, கூட்டத்தில் ஒருத்தனைக் குத்தித் தூக்கிக்கொண்டு போனது. ஆன்டிலோகஸ் என்று பெயர். கிட்டத்து உறவு, ஆனால் பங்காளியையே தின்கிற ஜாதி. மஃப்டி போலீஸ்!

கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. கூட்டம் மரத்துக்காக வரவில்லை. காய் வெடித்துக் கீழே கொட்டிக் கிடக்கும் விதைக்காக. தினமும் காலையில் நானும் பெண்ணும் கூட்டிப் பெருக்கி, பஞ்சைச் சாக்கில் அடைத்து, விதையைக் குழி வெட்டிப் புதைத்தோம். பத்தாம் நாள் படியில் ஏழெட்டுப் பூச்சிதான் பாக்கி.

வீட்டுக்காரர் குனிந்து எண்ணிப் பார்த்தார்.

"வருஷா வருஷம் நீங்களே பெருக்குவீங்களா?"

"சத்தியமா சார்!"

"அப்போ, மரம் வெட்டறவருக்கு நான் குடுத்த அட்வான்ஸையும் நீங்களே குடுத்துடுங்க."

கொடுத்தேன். கோடரிக்காரர் அந்த அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை என்பதோடு, போகும்போது தலையணைக்கு என்று ஒரு சாக்குப் பஞ்சும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.