ஜவ்வு தேய்ந்தால் முடங்க வேண்டாம்

சிவகாசி அருகேயுள்ள எம். புதுப்பட்டி சுற்றுவட்டாரப் பட்டாசு வேலையில் பெரும்பகுதி தரையில் உட்கார்ந்தே நடக்கிறது. குழாய் சுருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது எதுவானாலும் காலை மடக்கி முதுகைக் குனிந்தே செய்ய வேண்டும். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவர் நடுவில் எழுந்தால் வரும்படி குறையும். வெடிவிபத்து செய்தியாகிறது, இடுப்பு வலி ஆவதில்லை. வலி முற்றி ஸ்கேன் எடுத்தால் 'ஜவ்வு தேய்மானம்' என்று ரிப்போர்ட் வருகிறது.

தேய்வது எது?

முதுகெலும்புகளுக்கு இடையே 23 ஜவ்வுகள் உண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் கூழ், அதைச் சுற்றி நார் வளையம். இளவயதில் அந்தக் கூழில் சுமார் 80 சதவீதம் நீர். வயது ஏற நீர் வற்றி ஜவ்வு தட்டையாகும், நார் கீறல் விடும். கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால் பிட்டத்திலிருந்து கால்வரை சுள்ளென்று இழுக்கும்.

வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள மெல்லிய தகடு வழியாகவே சத்து கசிந்து வருகிறது. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு இதைத் தொடர் எம்.ஆர்.ஐ. படங்களில் பதிவுசெய்து, தகடு சேதமானால் இந்த ஊட்டம் சீர்குலைவதைக் காட்டியது. 2004-இல் அந்த ஆய்வுக்குச் சர்வதேச இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது.

பயம் வேண்டாம்

தேய்மானம் இருந்தால் வலி இருந்தே தீரும் என்பதில்லை. 2015-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி, வலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 50 வயதினரில் 80 சதவீதம் பேருக்கும் ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தது. பரம்பரைக்கும் இதில் பெரிய பங்குண்டு. பாரம் தூக்குவதும் புகைப்பதும் நிலைமையை மோசமாக்கும்.

என்ன செய்யலாம்?

நாள்கணக்கில் படுத்துக் கிடந்தால் தசை தளர்ந்து வலி நீடிக்கும். தாங்கும் அளவுக்கு நடப்பதும், பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியும்தான் முதல் மருந்து. ஜவ்வு பிதுங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், அறுவை சிகிச்சை இல்லாமலே வலி தணியும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது.

வேலையில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, வெடிமருந்து அறையை விட்டு வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்னால் சாயுங்கள். பாரத்தை உடம்போடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

சிறுநீர் வராமல் நின்றாலோ கட்டுப்பாடின்றிக் கசிந்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

எழுந்து நடக்கும் ஐந்து நிமிடத்துக்குக் கூலி குறைந்தால் எந்த அறிவுரையும் பலிக்காது. ஆலை உரிமையாளர்கள் அந்த ஓய்வையும் கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.