பேர் விழாத வேலை



ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் எங்கள் சித்தி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனது. சில ஆண்டுகளுக்கு முன் சித்தியின் பேத்திக்குக் கல்யாணம் என்று அழைப்பு வந்தது. அம்மா இல்லாத குறைக்கு நான் போனேன். கூறைச்சேலை எடுக்கக் காஞ்சிபுரம் போனபோது, தெரிந்த நெசவாளர் ஒருவரின் வீட்டுக்குச் சித்தி கூட்டிப்போனார்.

முன்னறையில் தரையைக் குழியாக வெட்டித் தறி போட்டிருந்தார்கள். நெய்பவர் குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்கிறார். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை குஜராத்தின் சூரத்திலிருந்தும் வருகின்றனவாம். பட்டின் கதையும் நம் தேயிலையைப் போலக் கொழுந்தில்தான் தொடங்குகிறது. மல்பெரி எனப்படும் முசுக்கொட்டை இலையைப் பறித்துப் புழுவுக்குப் போட வேண்டும். ஏறக்குறைய 25 நாள் தின்ற புழு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அதை வெந்நீரில் இட்டால் ஒரே இழையாக ஆயிரம் மீற்றர் வரை நூல் வரும். உள்ளே இருக்கும் உயிர் போய்விடும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும்.

உடலும் கரையும் வேறு வேறு நிறமாக நெய்து இணைப்பதைக் கோர்வை என்கிறார்கள். அதற்கு மூன்று நாடா வேண்டும், ஒருவரால் முடியாது. கணவருக்கு இடப்பக்கம் மனைவி உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுத்தார். இடையில் எழுந்து உலை வைத்தார். வந்து நாடாவுக்குத் தார் சுற்றினார். அறுந்த இழையை முடிந்தார். ஒரு கூறைச்சேலை முடியப் பதினைந்து நாள் ஆகும் என்றார்.

“உங்களுக்கு எவ்வளவுக்கா கூலி?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “கூலி அவருக்குத்தாம்மா. சங்கத்துப் புத்தகத்துல அவர் பேருதான். நான் சும்மா கூட ஒத்தாசை.”

எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் ‘பேர்’ என்போம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள். அரைப் பேர் விழுந்த நாளில் அம்மா வீட்டில் பேசவே மாட்டார். 1984ஆம் ஆண்டு வரை பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளந்தான். ஆனாலும் அம்மாவுக்கு அரைப் பேராவது இருந்தது. இந்த அக்காவுக்கு அதுவும் இல்லை.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் முன்பெல்லாம் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடம் போகாமல் தறியில் கிடந்த பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் அமைப்பு 2003இல் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் உண்டு. நம் முன்னோரையும் முன்பணந்தான் கட்டிப்போட்டது. கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? எனக்கு உறவான ஒரு தங்கை வன்னியில் இருக்கிறாள். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போன குடும்பம். யுத்தம் அவள் கணவனைக் கொண்டுபோனது. 2009க்குப் பிறகு வீட்டிலிருந்தே தைத்துக்கொடுக்கும் வேலையும் முன்பணமும் கிடைத்தன. மூன்று வருடம் தைத்தாள், முன்பணம் கழியவேயில்லை. நூலுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

தறியோ தையல் இயந்திரமோ தருகிறோம் என்று யாராவது வந்தால் மகிழ்ச்சியோடு வரவேற்போம். ஆனால் வாங்கும் முன்னே கேட்போம். நூலின் விலை யார் கணக்கில்? செய்த பொருளை வாங்குபவர் யார், என்ன விலைக்கு? முன்பணம் எப்படிக் கழியும், அதற்குக் கையில் சீட்டுத் தருவீர்களா? கூலிப் புத்தகத்தில் யார் பேர்? இவற்றைத் தனியாகக் கேட்கத் தயக்கமாயிருந்தால், அயலில் நாலு பேர் சேர்ந்து கேட்போம்.

கல்யாணத்தன்று எல்லோரும் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யார் நெய்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் இரண்டு பேரைச் சொன்னேன்.