உறுமலில் கலந்த ஊர்ப்பேச்சு

ஆங்கிலத்தில் மட்டுமே உறுமிக்கொண்டிருந்த பெங்களூரின் ஹெவி மெட்டல் குழுக்களில் சில, உள்ளூர் மொழியின் பக்கம் திரும்பின. விளைந்த ஆல்பங்கள் காது கொடுத்துக் கேட்கத் தகுந்தவை.

ஆடி மாதம் வந்துவிட்டால் ஜீவனஹள்ளியில் காதுகளுக்கு ஓய்வில்லை. அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி, ஊர்வலத்துக்கு முன்னால் தம்பட்டம், இடையிடையே வெடிச் சத்தம். கிழக்கு பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டி நெருக்கியடித்துக் கிடக்கும் இந்தப் பகுதிக்குச் சத்தம் புதிதல்ல. ஆனால், கறுப்பு டி-ஷர்ட்டும் தோள்வரை தொங்கும் முடியுமாக மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் இளைஞனின் காதுக்குள் ஓடிக்கொண்டிருப்பது வேறு ரகம். இடி இடிப்பது போல ட்ரம்ஸ், ரம்பம் அறுப்பது போல கிதார், அடிவயிற்றிலிருந்து கிளம்பும் உறுமல். இதையெல்லாம் பாட்டு என்று அவனுடைய பாட்டி ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

இந்த இசை பெங்களூரில் வேர் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 1809இல் பிரிட்டிஷார் இங்கே தண்டு இறக்கியபோது சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் கூலிகளும் வியாபாரிகளுமாகத் தமிழர்கள் கூடவே வந்தார்கள். ராணுவ பேண்டு, தேவாலயம், கிளப் என்று மேற்கத்திய வாத்தியங்கள் கன்டோன்மென்ட் பகுதியில் சகஜமாகப் புழங்கின. 1980களின் இறுதியில் 'மில்லேனியம்' என்ற குழு ஹெவி மெட்டல் வாசிக்கத் தொடங்கியபோது கேட்கக் காதுகள் தயாராக இருந்தன. 2007 மார்ச்சில் 'அயர்ன் மெய்டன்' முதன்முதலாக இந்தியாவுக்கு வந்து இறங்கியது இந்த ஊரின் அரண்மனை மைதானத்தில்தான். 2011 அக்டோபரில் 'மெட்டாலிகா' குர்காவ்னில் வாசிப்பதாக இருந்த கச்சேரி ரத்தாகி ரகளையில் முடிந்தது. இரண்டே நாள் கழித்து பெங்களூர் அவர்களைக் குறைவில்லாமல் வரவேற்றது.

பெரிய கச்சேரிகளின் கதை பத்திரிகைகளில் வந்துவிடும். வராத கதை உள்ளூர்க் குழுக்களுடையது.

இவற்றில் மூத்தது, இன்னும் மூச்சு விடாமல் வாசிப்பது, 1998இல் தொடங்கிய 'க்ரிப்டாஸ்'. ஜெர்மனியின் புகழ்பெற்ற வாக்கன் விழாவில் 2013இல் வாசித்தவர்கள், 2017இல் மீண்டும் போனார்கள். 2024இல் ஜெர்மனியின் ஏ.எஃப்.எம். நிறுவனம் வெளியிட்ட 'டெசிமேட்டர்' ஆல்பத்தில் புதுமை எதையும் தேட வேண்டாம். இரண்டு கிதார்கள் கைகோத்து ஓடும் 1980களின் பாணியை அவர்கள் விடுவதாக இல்லை. ஆனாலும் அந்தப் பிடிவாதத்தில் ஒரு சுகம் இருக்கிறது. நோலன் லூயிஸின் கரகரத்த குரலைத் தாண்டி ராகம் தெளிவாகக் கேட்கும் என்பதால் புதியவர்கள் இங்கே தொடங்கலாம்.

க்ரிப்டாஸ் பாடுவது ஆங்கிலத்தில். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. மொழி இந்த ஊரில் விளையாட்டு விஷயமல்ல. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி மூண்ட கலவரத்தில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 1994 அக்டோபரில் தூர்தர்ஷனில் உருதுச் செய்தி ஒளிபரப்பத் தொடங்கியதற்கே உயிர்கள் பலியாயின. 2016 செப்டம்பரில் மறுபடியும் காவிரி, மறுபடியும் எரிந்த பஸ்கள். கன்னடர், தமிழர், மலையாளி, உருது பேசும் முஸ்லிம், ஆங்கிலோ இந்தியர் எல்லோரும் ஒரே மேடைக்கு முன்னால் தலையை ஆட்ட வேண்டுமானால் யாருக்கும் சொந்தமில்லாத மொழியில் கத்துவதே உத்தமம்.

'த்வேஷா' அந்த உத்தமத்தை ஒதுக்கித் தள்ளியது. 2014இல் வந்த 'ஸ்தூபா' முழுக்க முழுக்கக் கன்னட டெத் மெட்டல். அதில் ஒரு பாடலின் பெயர் 'ஹொய்! சளா'. கோயிலுக்குள் பாய்ந்த புலியை அடிக்கச் சொல்லி குரு கட்டளையிட, சளன் என்ற வீரன் அதைக் கொன்றதாகக் கதை. பேலூருக்கும் ஹளேபீடுக்கும் சுற்றுலா போனவர்கள், வாயைப் பிளந்த விலங்கோடு மோதும் அந்த வீரனின் சிலையைப் பார்த்திருப்பார்கள். ஹொய்சள வம்சத்துக்குப் பெயர் தந்த கதை இது. தமிழருக்கும் அவர்கள் அன்னியரல்ல. சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் அமர்ந்து காவிரிக் கரையை ஆண்ட போசளர்கள் இவர்கள்தான்.

உறுமலில் எந்த மொழியாக இருந்தால் என்ன, புரியவா போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 'ஸ்தூபா'வை இரண்டு முறை கேட்டால் வித்தியாசம் தெரியும். ஐரோப்பியக் குழுக்களைப் பார்த்து எழுதிய ஆங்கில வரிகளில் சாத்தானும் சவக்குழியும் இரவல் சட்டை போலத் தொளதொளக்கும். இங்கே கதை கைக்கு அடக்கமாக இருக்கிறது. வேகத்தைக் காட்டி மிரட்டாமல் கனமாக அடியெடுத்து வைக்கும் கிதார், கன்னடத்தின் நீண்ட உயிரொலிகளுக்கு இடம் விடுகிறது. முக்கியமாக, இதைக் கேட்டு யாரும் யார் மீதும் கல்லெறியவில்லை.

'பெவார் ஸீ' குழு இதே காரியத்தைக் குறும்பாகச் செய்தது. 'வாரிசு இல்லாதவன்' என்ற பொருளில் கன்னடத்துக்கு வந்து வசவாகிப்போன 'பேவர்சி'யை இங்கிலீஷ் கடலாக்கியதுதான் குழுவின் பெயர். அவர்களது பாணிக்கு 'டூம்' என்று பெயர். இதன் மூலவர் பர்மிங்ஹாமின் டோனி அயோமி. தகரத் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலையின்போது இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், வலி தெரியாமல் அழுத்துவதற்காகத் தந்திகளைத் தளர்த்தினார். 'பிளாக் சப்பாத்'தின் அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலி அப்படித்தான் வளர்ந்தது. (அந்தக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பார்ன் 2025 ஜூலையில் பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரி முடித்த சில நாட்களில் காலமானார்.) பெவார் ஸீயின் 2012 ஆல்பத்தில் நான்கே பாடல்கள். ஒவ்வொன்றும் எருமை மாடு சேற்றில் நடப்பது போல நிதானம். ஒன்றின் தலைப்பு 'அபிஷ்டு'! அக்கிரகாரத்துப் பாட்டிமார்கள் பேரனைத் திட்டுகிற அதே அபிஷ்டுதான். தலைப்பு தமிழ், பாட்டு ஆங்கிலம்.

கர்நாடக சங்கீதத்தை ராக்கோடு பிணைக்கும் 'அகம்' குழுவும் பெங்களூர்தான். சன் டி.வி.யின் 'ஊ ல ல லா' போட்டியில் வென்றவர்களாகத் தமிழர்களுக்கு அவர்களைத் தெரியும். 2025இல் 'அரைவல் ஆஃப் தி எதீரியல்' வந்திருக்கிறது. பளபளப்பான வேலை, சற்று அதிகமாகவே பளபளப்பு. அங்கே கிதார் ராகத்துக்குப் பணிந்து வழிவிடுகிறது. அந்த மரியாதையெல்லாம் பாதாள இசையில் எதிர்பார்க்க முடியாது.

மரியாதையும் முரட்டுத்தனமும் சேர்ந்தே வேண்டுமானால் சிங்கப்பூருக்குப் போக வேண்டும். 1992இல் அங்கே இந்திய வம்சாவளியினர் தொடங்கிய 'ருத்ரா', உபநிஷத்தையும் வேதாந்தத்தையும் டெத் மெட்டலில் பாடுகிறது. பாடகர் கதிரசன் வேதாந்தத்தை முறையாகக் கற்றவர். 2005இல் தொடங்கிய 'பிரம்மவித்யா' மூன்று ஆல்பங்களில் இரண்டாவது, 2009இல் வந்த 'டிரான்ஸெண்டென்டல் ஐ', இந்த ரகத்தில் ஆசியா தந்த நல்ல ஆல்பங்களில் ஒன்று. 2022இல் 'எய்ட் மகாவித்யாஸ்' வந்தது. சுலோகமும் உறுமலும் அடுத்தடுத்து வரும் இடங்களில் முதலில் சிரிப்பு வரலாம். பிறகு வராது.

காசு? இதில் எதிலும் பெரிதாக இல்லை. பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி, இரவில் ஒத்திகை என்பதுதான் பலருடைய ஜாதகம். சில நூறு பிரதிகள் அச்சிட்டு, அஞ்சலில் அனுப்பும் சிறிய வெளியீட்டாளர்கள்தான் இவற்றை உயிரோடு வைத்திருப்பவர்கள். இலங்கையின் 'ஜெனோசைட் ஷ்ரைன்ஸ்' 2015இல் கொண்டுவந்த, மூர்க்கமும் இருட்டுமான ஆல்பத்தை வெளியிட்டது பெங்களூரின் 'சைக்ளோபியன் ஐ'. நீளமான அதன் தலைப்புக்கு நடுவே 'கோவில்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜீவனஹள்ளி இளைஞனுக்குக் கன்னடம் பள்ளியில் படித்த மொழி. சளனின் கதைக்கு அவனுக்கு அகராதி வேண்டாம். வெளியூர்த் தமிழ் வாசகர் 'ஸ்தூபா'வில் தொடங்குவதானால் ஒரு யோசனை: முதல் முறை குரலை விட்டுவிட்டுக் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை ட்ரம்ஸ். மூன்றாம் முறை கேட்கும்போது, தமிழுக்கு அவ்வளவு தூரமில்லாத சொற்கள் ஒன்றிரண்டாகக் காதில் விழத் தொடங்கும்.