கட்டி முடித்த வேலையும் முடியாத வேலையும்

முல்லைப் பெரியாறு அணை வேலை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. அரபிக்கடலுக்குப் போகும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரை வைகைப் பக்கம் திருப்பினார் பொறியாளர் பென்னிகுயிக். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும் உண்டு. ஆனாலும் இன்ன இடம், இன்ன செலவு, தண்ணீர் கிழக்கே வந்தால் வேலை முடிந்தது என்ற எல்லை இருந்தது. அணையைத் திறந்ததும் கூடியிருந்த ஆட்கள் கலைந்தார்கள். தொடக்கமும் முடிவும் உள்ள இத்தகைய வேலைதான் திட்டப்பணி.

தண்ணீர் வந்ததும் இன்னொரு வேலை தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. வைகையாற்றுப் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். அதைத் தாண்டினால் மேலூர்ப் பக்கத்து ஒருபோக நிலம். அணையில் நீர் போதுமான ஆண்டுகளில் முதல் போகத்துக்கு 120 நாள் தண்ணீர் விடுவார்கள். 45 நாள் தொடர்ச்சியாக, 75 நாள் முறைவைத்து. நீர்மட்டம் பார்க்க வேண்டும், அரசாணை வர வேண்டும், ஷட்டரைத் தூக்க வேண்டும், கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்ததா என்று வாய்க்கால் கரையோடு நடந்து பார்க்க வேண்டும். போன வருடம் ஒழுங்காகச் செய்தோம் என்பது இந்த வருடத்து நாற்றுக்கு ஆகாது. இது தொடர் இயக்கம். குறித்த நாளில், ஒதுக்கிய பணத்துக்குள் முடிந்ததா என்று திட்டப்பணியைக் கேட்போம். இங்கே கேட்பது, தடைபடாமல் நடக்கிறதா என்பதுதான்.

இயக்கத்துக்குள்ளிருந்தே திட்டப்பணி பிறப்பதும் உண்டு. 1979-க்குப் பிறகு பெரியாறு அணையைக் கான்கிரீட்டாலும் எஃகுக் கம்பிவடங்களாலும் பலப்படுத்தியது அப்படிப்பட்டது.

தொடர்வேலையைத் திட்டமாக்கி, ஒருமுறை செய்து மூடிவிடுவதுதான் பெரிய கேடு. குடிமராமத்து முன்பு ஊரார் ஆண்டுதோறும் கூடிச் செய்த வேலை. கண்மாயும் வாய்க்காலும் அதனால் பிழைத்தன. 2017-இல் அதே பெயரில் அரசுத் திட்டம் வந்தது, தூர்வாரினார்கள், நல்லதுதான். ஆனால் மண் அடுத்த மழைக்கே திரும்ப வரும். ஆகவே தூர்வார ஒதுக்கும் கோப்பிலேயே, அடுத்த ஆண்டு அந்த வாய்க்காலுக்கு ஆள் யார், பணம் எங்கிருந்து என்பதையும் எழுதிவிட வேண்டும்.